சேனை வச்சாச்சு

என் மகள் சுபலட்சுமிக்கு எட்டு வயது. கண்ணைக் கட்டிவிட்டு மூக்குக்கு நேரே பழத்தை நீட்டினால் போதும், பூவனா, ரஸ்தாளியா, கற்பூரவல்லியா, ஏலக்கியா என்று சொல்லிவிடுவாள். காந்தி மார்க்கெட்டில் இருபது வருடமாக வாழைக்காய் மண்டி நடத்தும் நானே அவளிடம் இரண்டு முறை தோற்றிருக்கிறேன். ஆனால் அவள் ஒரு வாய் பழம் தின்னக்கூடாது. வாழை மட்டுமில்லை, மாம்பழம், இளநீர், சீனி, வெல்லம், தேன், கோயில் சர்க்கரைப் பொங்கல் எதுவும் ஆகாது. வெங்காயம், தக்காளியைக்கூட அளந்துதான் போடுகிறோம். பழத்திலும் சீனியிலும் இருக்கிற ஒரு வகைச் சர்க்கரையை அவளுடைய கல்லீரலால் செரிக்க முடியாது. உள்ளே போனால் விஷம்தான். பிறவியிலேயே வந்த கோளாறு. ஃப்ரக்டோஸ் என்று ஆரம்பித்து மூச்சு வாங்குகிற அளவுக்கு நீளமான பெயர் அதற்கு. பல ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்குத்தான் வருமாம். அந்த ஒன்று வாழைக்காய் மண்டிக்காரன் வீட்டில் பிறந்தது. ஆண்டவனுக்கும் கேலி பேச ஆசை வரும் போலிருக்கிறது.

உடனே பாவம் என்று உச்சுக் கொட்டாதீர்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுக்குச் சோறு உண்டு, தயிர் உண்டு, மீன், முட்டை, உருளைக்கிழங்கு, கீரை உண்டு. முறுக்கு என்றால் உயிர். பள்ளிக்கூடத்தில் பல் பரிசோதனைக்கு வந்த டாக்டர், இப்படி ஒரு சொத்தை இல்லாத வாயைப் பார்த்ததே இல்லை என்று மற்ற பிள்ளைகளை வரிசையாகக் கூப்பிட்டுக் காட்டினாராம். அன்று முழுக்க வாயைத் திறந்துகொண்டே திரிந்தாள்.

ஆனால் முதல் பதினான்கு மாதம் அவள் பட்ட பாட்டுக்குக் காரணம் நாங்கள் அத்தனை பேரும்தான். அதைச் சொல்வதற்கு முன் சேனையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கம் குழந்தை பிறந்தவுடன் சேனை வைப்பார்கள். குடும்பத்தில் நல்ல குணமுள்ளவர், கைராசிக்காரர் என்று பெயரெடுத்த ஒருவர் சர்க்கரைத் தண்ணீரிலோ தேனிலோ விரலைத் தொட்டுக் குழந்தையின் நாக்கில் தடவுவார். அவருடைய குணம்தான் குழந்தைக்கு வரும் என்று நம்பிக்கை. ஒரு குழந்தைக்கு ஒருவர்தான் வைக்கலாம். இரண்டு பேர் வைத்தால் பிள்ளை ரெண்டுங்கெட்டானாகிவிடும் என்பார்கள். அதனால் யார் வைப்பது என்பதில் கைகலப்பு வராத குறைதான்.

எங்கள் வீட்டில் மட்டும் அந்தப் போட்டி கிடையாது. வையம்பட்டி அழகம்மாள் அத்தை இருக்கும்போது வேறு யாரும் வாயே திறக்க மாட்டார்கள். என் அப்பாவின் தங்கை. இரண்டு ஏக்கர் கடலைக்காடு, நான்கு மாடு, யாருக்கும் அஞ்சாத வாய். அவர் சேனை வைத்த பிள்ளைகள் எல்லாம் உருப்படியாக இருக்கிறார்கள் என்று ஊரில் பேச்சு. எனக்கும் அவர்தான் வைத்தாராம். அதை யாராவது கேட்டால், சில நேரம் கை தவறிவிடும் என்பார். சுபா பிறந்தபோதும் முதல் பஸ்ஸில் வந்து சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்துவிட்டுப் போனார்.

அது ஒரு சொட்டு. ஒரு சொட்டோடு நின்றிருந்தால்கூடப் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது என்று பின்னால் டாக்டரம்மா சொன்னார். நம் ஊரில் எது ஒரு சொட்டோடு நிற்கிறது? வந்தவர்கள் கற்கண்டுத் தண்ணீர் கொடுத்தார்கள், தேன் கொடுத்தார்கள். ஆறாவது மாதம் நான் இருக்கிற பெருமையெல்லாம் சேர்த்து, மண்டிக்கு வந்ததிலேயே நல்ல ஏலக்கித் தாரில் சீப்பு பார்த்து எடுத்து, பிசைந்து, என் கையாலேயே ஊட்டினேன். பிள்ளை வாந்தி எடுத்தாள், வியர்த்தாள், துணி மாதிரி துவண்டாள். கண் பட்டுவிட்டது என்று சுற்றிப் போட்டோம். வாந்திக்கு மருந்து வாங்கினோம். அந்த சிரப்பிலும் சர்க்கரை. மருந்து கொடுக்கக் கொடுக்க உடம்பு மோசமானது. பழத்தைக் கண்டால் வாயை இறுக மூடிக்கொள்வாள். மண்டிக்காரன் மகளுக்கு எவ்வளவு பிடிவாதம் பார் என்று சிரித்துக்கொண்டே மூக்கைப் பிடித்து ஊட்டினோம். எங்கள் யாருக்கும் தெரியாத விஷயம் அந்த வாய் பேசாத பிள்ளைக்குத் தெரிந்திருந்தது.

நான்காவது ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, வயது முப்பதைத் தாண்டியிருக்காது, எதையும் எழுதித் தராமல் எங்களை எழுதச் சொன்னார். ஒரு வாரம் பிள்ளை சாப்பிட்டதையும், எதை வேண்டாம் என்று தள்ளியது என்பதையும் எழுதிக் கொண்டுவரச் சொன்னார். படித்துவிட்டு, இன்றிலிருந்து இனிப்பு எதையும் காட்டாதீர்கள், மற்றதைப் பரிசோதனை சொல்லும் என்றார். நான்கே நாளில் பிள்ளை எழுந்து உட்கார்ந்தாள்.

பரிசோதனை முடிவு வந்த அன்று அத்தையும் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். சர்க்கரைதான் விஷம் என்ற வார்த்தை காதில் விழுந்த சூட்டோடு நான் வெளியே வந்தேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம். வராண்டாவில் முப்பது பேர் பார்க்க, "உங்க கைராசிதான் எம்புள்ளைய இங்க கொண்டாந்து படுக்க வச்சிருக்கு. இனிமே எங்க வீட்டுப் பக்கம் வராதீங்க" என்று கத்தினேன். அத்தை பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டு ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். இந்தக் கோளாறில் பாதி என்னிடமிருந்து வந்ததாம், பாதி என் மனைவி ஆனந்தவள்ளியிடமிருந்து. எங்கள் இருவருக்கும் அது வெளியே தெரியாமல் உள்ளே இருக்கிறது. யார் கையும் இதற்குக் காரணமில்லை. அந்தப் படத்தை ஒரு மணி நேரம் முன்னால் போட்டிருக்கக்கூடாதா என்று தோன்றியது. எனக்குக் கோபம் வர ஒரு நிமிடம் போதும், மன்னிப்புக் கேட்க மட்டும் நல்ல நாள் பார்ப்பேன். பார்த்துக்கொண்டே ஏழு வருடம் ஓடிவிட்டது. கல்யாணங்களில் எதிர்ப்பட்டால் அத்தை வேறு பந்தியில் போய் உட்கார்ந்துகொள்வார். நான் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன்.

இப்போது ஆனந்தவள்ளி இரண்டாவது முறை உண்டானாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். நான் வியாபாரி. நான்கில் ஒன்று என்பது சின்ன எண் இல்லை என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குழந்தை பிறந்தவுடன் ரத்தம் எடுத்து பெங்களூருக்கு அனுப்ப வேண்டும், முடிவு வர மூன்று வாரம் ஆகும், அதுவரை தாய்ப்பால் தவிர ஒரு சொட்டு எதுவும் நாக்கில் படக்கூடாது என்றார். தெரிந்து காப்பாற்றினால் இந்தப் பிள்ளைகள் மற்றவர்களைப் போலவே வளர்ந்துவிடும், தெரியாமல் கொடுப்பதுதான் ஆபத்து என்றும் சொன்னார்.

மூன்று வாரம் எங்கள் சொந்தக்காரர்களிடமிருந்து ஒரு நாக்கைக் காப்பாற்ற வேண்டும். யோசித்துப் பாருங்கள்.

நான் சும்மா இருப்பேனா? மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் இருக்கும் அச்சகத்தில் இருநூறு நோட்டீஸ் அடித்தேன். குழந்தையைப் பார்க்க வருபவர்கள் கவனத்துக்கு என்று தலைப்பு. நோய் என்ன, எது கூடாது, ஏன் கூடாது என்று எல்லாம் இருந்தது. வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்து ஒவ்வொருவரிடமும் கால் மணி நேரம் பிரசங்கம் செய்தேன். எல்லோரும் சரிங்க, சரிங்க என்று தலையாட்டினார்கள். வாசல் வரை வந்து வழியனுப்பும்போது, சர்க்கரைதானே கூடாது, நாட்டுச் சர்க்கரை கொடுக்கலாமில்ல என்றார்கள். ஒருவர் பனங்கற்கண்டு குளிர்ச்சியாச்சே என்றார். இன்னொருவர், கோயில் பிரசாதம் ஒன்றும் பண்ணாது என்று எனக்கே தைரியம் சொன்னார். மண்டியில் சுமை தூக்கும் ஜெயக்குமார் ஒரு நோட்டீஸை மடித்து அதில் வடை வைத்துத் தின்றுகொண்டிருந்தான். கேட்டால், படிச்சிட்டுத்தாண்ணே மடிச்சேன் என்கிறான். தலையில் அடித்துக்கொண்டேன்.

எல்லோரையும்விடப் பெரிய தலைவலி ரத்தினவேல் மாமா. ஆனந்தவள்ளியின் பெரியப்பா. முப்பத்தாறு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்று ஸ்ரீரங்கத்தில் மாமனார் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருக்கிறார். நல்ல மனிதர், ஒரு பைசா லஞ்சம் வாங்காதவர். அதனாலேயே தன் குணம் ஒரு பிள்ளைக்காவது போக வேண்டும் என்று அவருக்கு ஆசை. சுபாவுக்கு அத்தை வைத்துவிட்டதால் இந்த முறை தன் முறை என்று முடிவு செய்துவிட்டார். நோட்டீஸை மூக்குக்கண்ணாடி போட்டு முழுக்கப் படித்தார். எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்திக் கொடுத்தார். பிறகு, நாக்கில் பட்டும் படாமலும் வைத்துவிடுகிறேன், கொல்லிமலைத் தேன், சுத்தமானது என்றார்.

ஆவணி மாதம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பையன் பிறந்தான். மூன்றரைக் கிலோ, நல்ல குரல். ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். நான் நோட்டீஸ் ஒன்றைத் தொட்டிலில் கட்டித் தொங்கவிட்டேன். அப்போது மாமா வந்து பார்த்தார். வந்தவர் நேரம் சரியில்லை, காலையில் குளித்துவிட்டு வருகிறேன் என்று ஆனந்தவள்ளியிடம் சொல்லிவிட்டுப் போனாராம். என்னிடம் அதை அவள் சொல்லவில்லை. சொன்னால் நான் மாமா வீட்டு வாசலில் போய்க் கத்துவேன் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தொட்டியத்திலிருந்து இரண்டு லோடு வருகிறது, போகாமல் முடியாது. காலை ஏழு மணிக்கு ஏலம் நடந்துகொண்டிருக்கும்போது சுபா அவள் அம்மாவின் போனிலிருந்து கூப்பிட்டாள். பாப்பாவைக் காவல் காக்க அவளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்திருந்தேன்.

"அப்பா, வையம்பட்டிலேருந்து அழகம்மா பாட்டி வந்திருக்காங்க. பாப்பாவ மடியில வச்சிருக்காங்க" என்றாள்.

ஏழு வருடம் வராதவர் எதற்கு வந்திருப்பார்? சேனை வைக்கத்தான். கையில் இருந்த துண்டை ஜெயக்குமார் மேல் எறிந்துவிட்டு வண்டியை எடுத்தேன். மெயின்கார்டு கேட்டில் நெரிசல், சத்திரம் பஸ் நிலையத்தில் நெரிசல், காவிரிப் பாலத்தில் முன்னால் ஒரு மணல் லாரி. பாலம் முழுக்க ஹாரனை அடித்துக்கொண்டே போனேன். மாம்பழச் சாலையில் ஒரு போலீஸ்காரர் கையை நீட்டினார். புள்ளை, புள்ளை என்று கத்திக்கொண்டே தாண்டினேன். அவர் என்ன நினைத்தாரோ, விட்டுவிட்டார்.

அறைக்குள் நுழைந்தபோது அத்தை கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பையன் மடியில் கிடந்தான். அத்தையின் சுண்டுவிரல் அவன் வாயில் இருந்தது. அவன் சப்புக்கொட்டிக்கொண்டிருந்தான்.

நான் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்து இழுத்தேன். என்ன கத்தினேன் என்று இப்போது நினைவில்லை. பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தது மட்டும் நினைவிருக்கிறது.

"ஏங்க, கத்தாதீங்க" என்றாள் ஆனந்தவள்ளி. "அது என் பாலுங்க. நான்தான் சின்னம்மாவுக்கு ராத்திரி போன் போட்டு வரச் சொன்னேன்."

அத்தையை அவள் சின்னம்மா என்றுதான் கூப்பிடுவாள். பக்கத்தில் சிறிய கிண்ணம் ஒன்று இருந்தது. அதில் ஒரு ஸ்பூன் அளவு தாய்ப்பால். நான் நம்பாமல் பார்த்தேன். அத்தை கையை விடுவித்துக்கொள்ளவில்லை. விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"மோந்து பாரு. பழத்தையெல்லாம் மோந்தே பேரு சொல்லுறவன்தானே."

மோந்து பார்த்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பால்வாசனைதான். சுபாவும் வந்து மோந்து பார்த்து, பால்தாம்பா என்று தீர்ப்புச் சொன்னாள். தாய்ப்பாலில் இருக்கிற சர்க்கரை வேறு வகை, இந்தப் பிள்ளைகளை ஒன்றும் செய்யாது. என் நோட்டீஸிலேயே அது நான்காவது வரி.

அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. இந்த ஏழு வருடமும் ஆனந்தவள்ளி மாதம் இரண்டு முறை அத்தையோடு பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நோயைப் பற்றி டாக்டரம்மா சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்பித்திருக்கிறாள். சுபாவுக்கு வீட்டில் எப்போதும் இருக்கும் மணப்பாறை முறுக்கு, கடையில் வாங்கியது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த முறுக்கு, அத்தை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பியது. நேற்று மாமா தேனோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனதும், இவரைத் தடுக்க என் கத்தலோ நோட்டீஸோ உதவாது, வேறு ஒருவர் முன்னால் சேனை வைத்துவிட்டால் மட்டும்தான் இவர் அடங்குவார் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

எனக்கு உட்கார இடம் தெரியவில்லை. அத்தை பையனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"அன்னிக்கு நீ சொன்னப்ப ஆத்திரமாத்தான் வந்துச்சு. பஸ்ல வூடு போயிச் சேருற வரைக்கும் அழுதேன். அப்புறம் ரோசிச்சேன். உம்புள்ளைக்கு இருந்தது பொறந்தப்ப பார்த்தாத் தெரியலை. அடுத்த வூட்டுப் புள்ளைக்கு இருந்தா மட்டும் தெரியவா போவுது? அன்னையிலேருந்து நான் சர்க்கரையத் தொடலப்பா. எங்க ஊர்ல பதினாலு புள்ளைக்கு சேனை வச்சிட்டேன். பதினாலும் பெத்தவ பாலுதான்."

ஏழு வருடமாக நான் என் மகளுக்காக மட்டும் கத்திக்கொண்டிருந்தேன். நான் வாய்க்கு வந்தபடி எறிந்த ஒரு சொல்லை இந்த அம்மாள் எடுத்துக்கொண்டுபோய், பெயர் தெரியாத பதினான்கு பிள்ளைகளுக்குக் காவல் நின்றிருக்கிறார். மன்னிப்பு கேட்டுவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது.

ரத்தினவேல் மாமா. வெள்ளை வேட்டி, நெற்றியில் திருமண், கையில் வெள்ளிச் சங்கு, சட்டைப் பையில் தேன் புட்டி.

"வாங்கண்ணே" என்றார் அத்தை. "நல்ல நேரத்துல சேனை வச்சாச்சு. இப்பத்தான் முடிஞ்சுது."

மாமாவின் முகம் தொங்கிவிட்டது. சங்கை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். இரண்டு பேர் வைத்தால் பிள்ளை ரெண்டுங்கெட்டானாகும் என்பது அவருக்கு ரயில்வே விதிமாதிரி. இருநூறு நோட்டீஸால் முடியாதது சேனை வச்சாச்சு என்ற இரண்டு வார்த்தையில் முடிந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. நோட்டீஸுக்கு நல்ல காகிதம் வேறு போட்டிருந்தேன்.

அத்தை அவரை அப்படியே அனுப்பிவிடவில்லை. முழுக்க உள்ளதைச் சொன்னார். பிள்ளைக்கு இந்தக் கோளாறு இருக்கிறதா இல்லையா என்று தெரிய மூன்று வாரம் ஆகும், சேனை வைத்தாகிவிட்டது என்று சொன்னாலும் சிலர் ஆசைக்கு ஏதாவது புகட்டுவார்கள், வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள நேர்மையான ஆள் ஒருவர் வேண்டும், முருகானந்தத்தை உட்கார வைத்தால் சண்டைதான் வரும் என்றார். முருகானந்தம் என்பது நான்தான்.

மாமா தேன் புட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை சுபாவிடம் கொடுத்து, கொண்டுபோய் நர்ஸம்மாவுக்குக் கொடுத்துவிட்டு வா என்றார். அன்று முதல் மூன்று வாரம், முதலில் ஆஸ்பத்திரியிலும் பிறகு மாமனார் வீட்டிலும், காலை எட்டு மணிக்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். பள்ளிக்கூடம் விட்டதும் சுபா ஒரு ஸ்டூலோடு அவர் பக்கத்தில் சேர்ந்துகொள்வாள். ஓடுகிற ரயிலில் தப்பிக்கப் பார்த்தவர்களையே பிடித்தவர், வீட்டுக்கு வருகிறவர்களை விடுவாரா? பையில் என்ன என்று கேட்பார். சந்தேகம் வந்தால் சுபா மோந்து பார்ப்பாள். கற்கண்டு, கிரைப் வாட்டர், பஞ்சாமிர்த டப்பா, பேரீச்சம்பழம் என்று ஒரு கூடை நிறைந்தது. சேனை வச்சாச்சா என்று கேட்பவர்களுக்கு, வையம்பட்டி அழகம்மா வச்சாச்சு, தாய்ப்பால்ல வச்சாச்சு என்று இரண்டையும் சேர்த்தே சொன்னார். அது ஏன் தாய்ப்பால் என்று கட்டாயம் அடுத்த கேள்வி வரும். அப்போது மாமா என் நோட்டீஸை மடியிலிருந்து எடுப்பார். நான் கொடுத்தபோது வடை மடித்தவர்கள், அவர் கொடுத்தபோது நின்று படித்தார்கள். வாத்தியார் வீட்டு மருமகள் ஒருத்தி படித்துவிட்டு, தன் தங்கை பிள்ளையும் பழம் கொடுத்தால் துவண்டு போகிறான் என்று எங்கள் டாக்டரம்மாவின் நம்பரை எழுதி வாங்கிக்கொண்டு போனாள். அதற்கு என்ன காரணமோ, பார்த்தால் தெரியும்.

இருபத்திரண்டாம் நாள் டாக்டரம்மா எங்களை வரச் சொன்னார். பையனை நன்றாகச் சோதித்துவிட்டு, காகிதத்தை என் பக்கம் தள்ளினார். இருக்கிறது என்றார். சுபாவுக்கு இருப்பது அப்படியே இவனுக்கும் இருக்கிறது.

ஆனந்தவள்ளி என் கையைப் பிடித்துக்கொண்டாள். இல்லை என்று வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது. பொய் சொல்வானேன். ஆனால் டாக்டரம்மா சிரித்துக்கொண்டிருந்தார். இந்தக் கோளாறோடு தன்னிடம் வருகிற பிள்ளைகள் எல்லாம் கல்லீரல் வீங்கி, துவண்டு, யாராவது தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர்கள்தான், இன்னும் ஒரு துளிகூட உள்ளே போகாமல் சிரித்துக்கொண்டு வந்த முதல் பிள்ளை இவன்தான் என்றார். இவனைத் தொட்டுப் பார்த்தால் நோய் என்றே யாரும் சொல்ல முடியாது என்றார். எனக்கு அப்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் மேஜையில் இருந்த காகிதத்தை எடுத்துத் துடைத்துக்கொண்டேன். அது என் ரிப்போர்ட்டா அடுத்தவர் ரிப்போர்ட்டா என்று ஆனந்தவள்ளி பதறிப் பார்த்தாள். நல்லவேளை, எங்களுடையதுதான்.

விஷயத்தைக் கேட்டதும் சுபா குதித்த குதியைப் பார்க்க வேண்டும். அவள் வகுப்பில், தெருவில், சொந்தத்தில் அவளைப் போல இன்னொருவர் இதுவரை கிடையாது. இனி பிறந்தநாள் வீடுகளில் கேக்கை வேண்டாம் என்று சொல்ல இரண்டு பேர். பையனின் தொட்டிலில் தலையை விட்டு, கவலைப்படாத, எல்லாம் எனக்குத் தெரியும், நான் சொல்லித் தர்றேன் என்று என்னமோ பெரிய மனுஷி மாதிரி பேசிக்கொண்டிருந்தாள். முறுக்கில் பாதிக்குப் பாதி என்றும் ஒப்பந்தம் போட்டாள். அவனுக்குப் பல் வர இன்னும் மாதக் கணக்காகும் என்று தெரிந்துதான் போட்டிருப்பாள்.

நான் மொட்டைமாடிக்குப் போய் வையம்பட்டிக்குப் போன் போட்டேன். ஏழு வருடத்தில் நான் போடும் முதல் போன்.

இருக்கு அத்தை என்றேன்.

"ஒரு சொட்டும் போகலையே?" என்று கேட்டார்.

போகவில்லை, பையன் கல்லுமாதிரி இருக்கிறான் என்று டாக்டரம்மா சொன்னதையெல்லாம் சொன்னேன். அத்தை மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. இதுதான் நேரம், இதை விட்டால் இன்னொரு ஏழு வருடம் ஓடிவிடும் என்று ஆரம்பித்தேன்.

"அத்தை, அன்னிக்கு ஆஸ்பத்திரியில நான் பேசினது..."

"அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம்பா. மேலத்தெரு மயிலம்மா மருமவளுக்கு வலி எடுத்து மணப்பாறைக்குக் கொண்டு போயிருக்காங்க. மயிலம்மா கருப்பட்டிப் பொட்டலத்தோட முந்தின பஸ்லயே போயிட்டா. நான் முந்தியாகணும். இரு, பஸ் வந்துருச்சு."

அத்தை போனை அணைக்கவில்லை. பஸ் நிற்கும் சத்தம், விசில், ஏறுகிறவர்களின் இரைச்சல், கொஞ்சம் வேகமாத்தான் விடேம்ப்பா என்று டிரைவரை அத்தை விரட்டுவது, எல்லாம் கேட்டது. நான் மாடியில் நின்றபடி அந்த இரைச்சலுக்குள்ளேயே, "நான் சொன்னது தப்பு அத்தை. என்னை மன்னிச்சிருங்க" என்று கத்தினேன். கீழே தெருவில் போனவர்கள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.

"காதுல விழுந்துச்சுப்பா" என்றது அத்தையின் குரல். "இப்ப போன வை. மணப்பாறைக்கு அவ போயிச் சேருறதுக்குள்ள நான் யாருக்காச்சும் போன் போட்டு அந்தப் பொட்டலத்தப் புடுங்கச் சொல்லணும்."